தறியும் ஆர்கனும் விமானமும்: இரண்டு டொயோட்டா கூபேக்களின் கதை

உவமை கூறுமிடத்து, உவமிக்கப்படும் பொருளைக் காட்டிலும் உவமையாகக் கொள்ளப்படும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் உவமவியல் வகுத்த நெறி. முகத்துக்கு மதியைச் சொல்லலாம். மதிக்கு முகத்தைச் சொன்னால் அதற்குத் தனியே காரணம் காட்ட வேண்டும். கார் இதழ்களை வாசிக்கும் வழக்கமுள்ள நண்பர்களுக்கு இந்நெறி வேறொரு வடிவில் பழக்கமானதுதான். புதிதாக ஒரு சிறிய கூபே சந்தைக்கு வந்துவிட்டால் போதும். அதே நிறுவனத்தின் பழம்புகழ் வாய்ந்த வண்டியொன்றைக் கொணர்ந்து அதனருகே நிறுத்திப் படமெடுத்து, 'பாட்டனும் பேரனும்' என்ற பாங்கில் நான்கு பக்கங்கள் எழுதிவிடுவார்கள். பழையது எப்போதும் மதி. புதியது எப்போதும் முகம்.

டொயோட்டா நிறுவனம் 2012-ல் '86' என்ற சிறிய கூபேயை வெளியிட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. பக்கத்தில் நிறுத்தப்பட்ட பாட்டன், 1967-ஆம் ஆண்டின் 2000 ஜிடி. இந்த ஒப்பீடு எனக்கு நெடுநாளாகச் சிறு உறுத்தல். இரண்டும் ஒரே குலத்தில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எதற்காகப் பிறந்தன என்று கேட்டால் இரண்டுக்கும் கிடைக்கும் விடை ஒன்றல்ல. அதைத்தான் இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்க்க விழைகிறேன்.

கூபே என்பது இரண்டு கதவுகளும், பின்புறம் சரிந்திறங்கும் கூரையும் கொண்ட கார் என்ற அளவில் இங்கே கொள்வோம். (மகிழுந்து என்றெழுத வேண்டும் என்று நம் குழுவிலேயே குரல் எழும். மகிழ்ந்து செல்வதற்கென்றே செய்யப்பட்ட இவ்விரண்டு வண்டிகளுக்கும் அச்சொல் பொருந்தும் என்பதையும் மறுப்பதற்கில்லை. இருப்பினும் நா பழகிய 'கார்' என்ற சொல்லோடே செல்கிறேன், பொறுத்தருள்க.)

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2000 ஜிடியின் இயந்திரம் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களைக் கொண்டது. கொள்ளளவு 1,988 கன சென்டிமீட்டர். திறன் 150 குதிரைத்திறன். 86-இன் இயந்திரத்தில் நான்கே சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில். கொள்ளளவு 1,998, திறன் 200. பழையதன் எடை ஏறத்தாழ 1,120 கிலோ, புதியதன் எடை ஏறத்தாழ 1,200. உச்ச வேகம் பழையதற்கு மணிக்கு 220 கி.மீ.; ஐரோப்பாவில் விற்கப்பட்ட 86-க்கு நிறுவனம் அறிவித்தது 226. நாற்பத்தைந்து ஆண்டுகளின் பொறியியல் முன்னேற்றம் ஆறே கிலோமீட்டர்தானா என்று நகைக்கத் தோன்றும். இன்னுமொரு வியப்பு உண்டு. 2000 ஜிடியின் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடும் தொலைவும் 75 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவினவை. 86-இல் இரண்டும் 86 மில்லிமீட்டர். அகலமும் ஓட்டமும் சமமாக அமைந்த இத்தகைய இயந்திரத்தைச் சதுர இயந்திரம் என்பது பொறியாளர் வழக்கு. பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே இடத்தில் மச்சம் இருப்பதைப் போல.

இவ்வளவு ஒற்றுமை கண்டபின் இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடுவது எளிது. எண்களை விட்டு ஆண்டுகளுக்கு வருவோம்.

1965 அக்டோபர் ஜப்பானின் கார் வரலாற்றில் குறிப்பிடத்தக்க திங்கள். அதுவரை வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அம்மாதம் அந்த வேலி நீக்கப்பட்டது. அமெரிக்க, ஐரோப்பியக் கார்கள் உள்ளே வந்தால் உள்ளூர் நிறுவனங்கள் தாக்குப்பிடிக்குமா என்பது அன்றைய பெருங்கவலை. டொயோட்டாவுக்குத் தனிப்பட்ட வடு ஒன்றும் இருந்தது. 1950-களின் இறுதியில் அது தன் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்தில் அவ்வண்டி திணறியது. 1960-ல் அந்த ஏற்றுமதியை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. உறுதியானது, சிக்கனமானது, ஆனால் மெதுவானது: டொயோட்டாவைப் பற்றி உலகம் வைத்திருந்த எண்ணம் இது.

அதே 1965 அக்டோபரில் தோக்கியோ மோட்டார் கண்காட்சியின் மேடையில் 2000 ஜிடியின் மாதிரி வெள்ளை நிறத்தில் நின்றது. நீண்ட முன்புறம், தாழ்ந்த கூரை, வேண்டும்போது எழுந்து பின் மடங்கிக்கொள்ளும் முகப்பு விளக்குகள். வடிவம் சடோரு நோசாகி என்பவருடையது. திட்டத்தை வழிநடத்தியவர் ஜிரோ கவானோ. பிரிட்டனின் ஜாகுவார் இ-டைப்பின் சாயல் உண்டு என்று சொல்பவர்கள் இன்றும் உளர். சாயல் இருக்கிறது, நகல் அன்று. இ-டைப்பின் பெருமிதத் தோற்றம் இதில் இல்லை. மாறாக, மடித்து வைத்த விசிறியைப் போன்ற ஒரு அடக்கம் இதன் பக்கக் கோடுகளில் தெரியும். இது என் கண்ணுக்குத் தெரிவது. மாற்றுக் கருத்துள்ளோர் சண்டைக்கு வரலாம்.

இந்தக் காரை டொயோட்டா தன்னுடைய ஆலையில் செய்யவில்லை என்பது பலர் அறியாத செய்தி. செய்தது யமஹா. அந்நிறுவனத்தின் மூலவரான டொரகுசு யமஹா, 1887-ல் ஹமமட்சு நகரப் பள்ளியொன்றில் பழுதடைந்த ஆர்கனைச் சரிசெய்து கொடுத்ததிலிருந்து தொழிலைத் தொடங்கியவர். இசைக்கருவி நிறுவனத்தின் கிளையாக மோட்டார் சைக்கிள் நிறுவனம் பிரிந்தது 1955-ல். யமஹா முதலில் நிசானோடு சேர்ந்து ஒரு விளையாட்டுக் கார் திட்டத்தில் ஈடுபட்டிருந்தது. அது கைவிடப்படவே டொயோட்டாவின் பக்கம் வந்தது. டொயோட்டாவின் மூலமோ தறி. அக்குடும்பத்தின் முன்னோர் சகிச்சி டொயோடா தானியங்கி நெசவுத் தறிகளைக் கண்டறிந்து புகழ்பெற்றவர். அவர் பிறந்த ஊரும் ஹமமட்சுவை ஒட்டியதே. அண்டை ஊர்களில் முளைத்த ஒரு தறிக்கும் ஓர் ஆர்கனுக்கும் பிறந்த பிள்ளை என்று 2000 ஜிடியைச் சொன்னால் அது வெறும் அலங்காரம் ஆகாது. ஓட்டுநர் முன்னே விரியும் மரப்பலகையை யமஹாவின் இசைக்கருவிப் பிரிவினரே செய்து கொடுத்தார்கள். பியானோவுக்கு மரம் தேர்ந்த கைகள் வேகமானிக்கும் மரம் தேர்ந்தன.

இயந்திரத்திலும் யமஹாவின் கை உண்டு. அடிப்படை, கிரவுன் காருக்காக டொயோட்டா உருவாக்கிய ஆறு சிலிண்டர் இயந்திரம். அதன் தலைப்பகுதியை யமஹா புதிதாக அமைத்து, வால்வுகளை இயக்கும் தண்டு ஒன்றுக்குப் பதிலாக இரண்டை வைத்து, மூன்று இரட்டைவாய்க் கார்புரேட்டர்களைப் பூட்டியது. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், ஐந்து கியர், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல் அமைப்பு. அன்றைய ஜப்பானியக் காரொன்றில் இவையெல்லாம் ஒருங்கே அமைவது கேள்விப்படாதது.

ஆனால் கண்காட்சி மேடையில் நிற்பதற்கு வேகம் தேவையில்லை. உலகத்தை நம்பவைக்க வேறொன்று வேண்டியிருந்தது. 1966 அக்டோபர் தொடக்கத்தில் தோக்கியோவுக்கு வடகிழக்கே யடபே என்ற இடத்திலிருந்த சோதனை ஓடுபாதைக்கு ஒரு 2000 ஜிடியைக் கொண்டு சென்றார்கள். ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் சுற்றுள்ள முட்டை வடிவப் பாதை. ஐந்து ஓட்டுநர்கள் மாறி மாறி அமர்ந்தனர். இரவும் பகலுமாக, இடையில் மழையும் காற்றும் வீச, எரிபொருளுக்கும் டயருக்கும் ஓட்டுநர் மாற்றத்துக்கும் மட்டுமே நின்று, வண்டி 78 மணி நேரம் ஓடியது. 72 மணி நேர ஓட்டத்தின் சராசரி மணிக்கு 206 கி.மீ. நின்ற நேரமெல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி இது என்பதை நினைவிற்கொள்க. 72 மணி நேரம், 15,000 கி.மீ., 10,000 மைல் என்ற மூன்று பிரிவுகளிலும் உலக சாதனை. அதனோடு பதின்மூன்று பன்னாட்டுச் சாதனைகள். மறு ஆண்டே ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் இத்தாலியின் மான்சா ஓடுபாதையில் தன் 911 ஆர் வண்டியை ஓட்டி இவற்றை முறியடித்தது. அதனாலென்ன? டொயோட்டாவின் சாதனையை முறியடிக்க போர்ஷே புறப்பட வேண்டியிருந்தது என்பதே டொயோட்டா விரும்பிய செய்தி.

ஒரு முரணை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஜப்பானின் முதல் நெடுவேகச் சாலையான மெய்ஷின், 1965-ல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டிருந்தது. அதில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு நூறு. தன் வேகத்தின் பாதியைக்கூடத் தாய்நாட்டுச் சாலையில் காட்ட முடியாத வண்டியை அந்நாடு செய்தது. அது ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று, காட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்று நான் கருதுவதற்கு இதுவே முதற்சான்று.

விலை அடுத்த சான்று. 1967-ல் 2000 ஜிடியின் விலை 23 லட்சத்து 80 ஆயிரம் யென். முந்தைய ஆண்டு வெளியான டொயோட்டா கொரோலாவின் விலை 4 லட்சத்து 32 ஆயிரம். ஒரு 2000 ஜிடிக்கு ஐந்தரை கொரோலா. விற்பனைக்காகச் செய்யப்பட்டவை 337. மாதிரிகளையும் பந்தய வண்டிகளையும் சேர்த்தால் 351 என்பர். அமெரிக்காவுக்குச் சென்றவை சுமார் அறுபது. ஒவ்வொன்றிலும் நிறுவனம் நட்டப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1967-ல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இவ்வண்டி தோன்றியதையும், உயரமான ஷான் கானரி இந்தத் தாழ்ந்த கூரைக்குள் அடங்காததால் கூரையற்ற இரண்டு வண்டிகளைத் தனியே செய்து கொடுத்ததையும் திரைப்பட அன்பர்கள் அறிவார்கள். அக்கூரையற்ற வடிவம் ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை. அதையும் கண்ணுக்காகவே செய்தார்கள்.

1970-ல் உற்பத்தி நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் டொயோட்டா, செலிகா என்ற கூபேயை வெளியிட்டது. கரீனா என்ற குடும்பக் காரின் அடித்தளத்தின்மேல் அழகான உடல், எளிய இயந்திரம், நடுத்தரச் சம்பளக்காரரும் எண்ணிப் பார்க்கக்கூடிய விலை. ஏழு தலைமுறைகளாக 2006 வரை அது நீடித்தது. 2000 ஜிடியின் உண்மையான வாரிசு எது என்று கேட்டால் பலரும் பிற்காலச் சூப்ராவைச் சுட்டுவார்கள். ஆறு சிலிண்டர், பெருவேகம் என்ற கணக்கில் அது சரி. எனக்கோ செலிகா என்றே தோன்றுகிறது. 337 பேரிடம் இருந்ததைக் கண்டு ஏங்கிய லட்சக்கணக்கானவர்களுக்கு அது வழி திறந்துவிட்டது.

அவ்வழியில் வந்ததுதான் 1983-ன் கொரோலா லெவினும் ஸ்பிரின்டர் ட்ரூயெனோவும். ஏஇ86 என்ற உட்குறியீட்டால் அறியப்பட்ட இரட்டையர். கொரோலா வரிசையின் பிற வண்டிகள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், இவ்விரண்டு மட்டும் பழைய பின்சக்கர இயக்கத்தைத் தக்கவைத்திருந்தன. 1.6 லிட்டர் இயந்திரம், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. கல்லூரி மாணவன் பழைய வண்டியாக வாங்கி மலைப்பாதையில் சறுக்கவிட்டுப் பழகும் வண்டி. 1995-ல் ஷுயிச்சி ஷிகெனோ தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற சித்திரக்கதைத் தொடரில் நாயகன் ஓட்டுவது ஒரு ஏஇ86. அவன் அதில் செய்யும் தொழில் விடிவதற்குமுன் மலையேறிச் சென்று சோயா பாலாடைக்கட்டி கொடுத்துவிட்டு வருவது. தோஃபு சுமக்கும் வண்டி பணக்காரர் வண்டிகளை வளைவுகளில் முந்துகிறது. 2000 ஜிடிக்கு இப்படியொரு கதை எழுதவே முடியாது.

இனி 86-இன் பிறப்புக்கு வருவோம். 2002-ல் சூப்ரா, 2006-ல் செலிகா, 2007-ல் எம்ஆர்-எஸ் என்று டொயோட்டாவின் விளையாட்டுக் கார்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. உலகின் முதல்நிலை உற்பத்தியாளராக உயர்ந்த அதே காலத்தில், இளைஞர் விரும்பி ஓட்ட அந்நிறுவனத்திடம் ஒரு வண்டியும் இல்லை. 2008-ன் நிதி நெருக்கடி வந்தது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் டொயோட்டா சுமார் எழுபது ஆண்டுகளில் முதன்முறையாகச் செயல்பாட்டு நட்டத்தைக் கண்டது. அவ்வாண்டு ஜூனில் தலைமை ஏற்றவர் அகியோ டொயோடா. 'மோரிசோ' என்ற புனைபெயரில் பந்தயங்களில் தாமே கார் ஓட்டுபவர். நான்கு மாதங்களில், அக்டோபர் கண்காட்சியில், 86-இன் முன்மாதிரி மேடையேறியது. வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது என்றாலும் காலப்பொருத்தம் கவனிக்கத்தக்கது.

1965-ல் டொயோட்டா பிறரை நம்பவைக்க வேண்டியிருந்தது. 2009-ல் அது நம்பவைக்க வேண்டியிருந்தது தன்னையே.

இம்முறையும் அது தனியே செய்யவில்லை. துணைக்கு வந்தது சுபாரு. அதன் மூலம் 1917-ல் தோன்றிய நகாஜிமா விமான நிறுவனம். 2005-லேயே அதன் பங்குகளில் ஒரு பகுதியை டொயோட்டா வாங்கியிருந்தது. சிலிண்டர்கள் படுத்த நிலையில் எதிரெதிராக இயங்கும் இயந்திரம் சுபாருவினுடையது. எரிபொருளைச் செலுத்தும் முறை டொயோட்டாவினுடையது. வண்டிகள் உருவானதோ குன்மா மாவட்டத்துச் சுபாரு ஆலையில்; சுபாருவின் பெயரில் விற்ற இரட்டைப் பிள்ளைக்கு பிஆர்இசட் என்று பெயர். தறியும் ஆர்கனும் கூடியது ஒருமுறை. தறியும் விமானமும் கூடியது மறுமுறை. இரண்டு தடவையும் டொயோட்டாவின் சின்னம் தாங்கிய வண்டியில் துணைவரின் பெயர் வெளியே தெரியவில்லை என்பது ஒரு சிறு அநீதி.

திட்டத்தின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது டயரைப் பற்றியது. விளையாட்டுக் கார் என்றால் தரையைக் கவ்விப் பிடிக்கும் அகன்ற டயர் போடுவதே வழக்கம். 86-க்கு அவர் இட்டது, சிக்கனத்துக்குப் பெயர்போன ப்ரியஸ் காருக்கும் இடப்பட்ட அதே வகை டயர். பிடிப்புக் குறைந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டி நழுவத் தொடங்கும். நழுவலை உணர்ந்து திருத்தும் இன்பம், பந்தயப் பாதைக்குப் போகாமல், சாதாரணச் சாலையில் சாதாரண ஓட்டுநருக்கே கிட்டும். டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம் என்றும் முடிவாயிற்று. காற்றுப்பைகளும் மோதல் பாதுகாப்பும் இன்னபிற கட்டாயங்களும் ஏறியபின்னும், பாட்டனைவிட எண்பது கிலோவே கூடுதல் என்ற அளவில் எடையை நிறுத்தியதை 200 குதிரைத்திறனைக் காட்டிலும் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். பின்னிருக்கையில் குழந்தைகளை உட்கார்த்தலாம். பெரியவர்களை உட்கார்த்தினால் உறவு கெடும். அவ்விருக்கையை மடக்கினால் நான்கு டயர்கள் உள்ளே போகும்.

விலைக்கு வாருங்கள். 2012-ல் ஜப்பானில் 86-இன் மிக எளிய வகை 19 லட்சத்து 90 ஆயிரம் யென். குளிர்சாதனம்கூட இல்லாத வகை அது. வாங்கியவுடன் பிரித்து மேய்பவர்களுக்கானது. அதற்கு அடுத்த வகை 24 லட்சத்து 10 ஆயிரம். 2000 ஜிடியின் 23 லட்சத்து 80 ஆயிரத்தோடு ஒப்பிடுங்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அநேகமாக அதே எண். இடையில் ஜப்பானியரின் ஊதியம் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. அன்று கோடீசுவரரின் விலையாக இருந்த எண், இன்று அலுவலகம் செல்பவரின் விலை. உச்ச வேகத்தில் காணாமற்போன நாற்பத்தைந்து ஆண்டு முன்னேற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 2021-ல் அடுத்த தலைமுறைக்கு இடம் விடுவதற்குள் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட 86-கள் விற்றிருந்தன.

பாட்டன் யார் என்ற வழக்கையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2000 ஜிடி முதன்முதலாக மேடையேறிய அதே 1965-ல் டொயோட்டா, ஸ்போர்ட்ஸ் 800 என்ற குட்டிக் காரை விற்கத் தொடங்கியது. பப்ளிகா என்ற மலிவுக் காரின் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்ட 790 கன சென்டிமீட்டர் இயந்திரம், எதிரெதிராகப் படுத்த இரண்டே சிலிண்டர்கள், 45 குதிரைத்திறன், 580 கிலோ எடை. முன்னே இயந்திரம், பின்னே இயக்கம். 86-இன் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. உடன்பிறந்தாரில் ஒருவர் அழகர், மற்றவர் உழைப்பாளி. பேரன் கொண்டது உழைப்பாளியின் உடம்பை, அழகரின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

ஐச்சி மாநிலத்தின் நாககுதே நகரிலுள்ள டொயோட்டாவின் கார் அருங்காட்சியகத்தில் 2000 ஜிடியைக் காணலாம். கூரையின் உயரம் 116 சென்டிமீட்டர். வளர்ந்தவர் ஒருவரின் மார்பைக்கூட எட்டாது. இணையத்தில் அதன் படத்தை நூறு முறை பார்த்தவருக்கும் இந்தச் சிறுமை நேரில் அதிர்ச்சி தரும். ஏலங்களில் அதன் விலை ஏறியபடியே இருக்கிறது. 2013-ல் ஒன்று பதினொன்றரை லட்சம் டாலருக்கு மேல் போயிற்று; அமெரிக்கப் பந்தயங்களுக்காகக் கரோல் ஷெல்பியின் குழு ஆயத்தம் செய்த வண்டியொன்று 2022-ல் இருபத்தைந்து லட்சம் டாலரைக் கடந்தது. அவ்வளவு விலை கொடுத்தவர் மழையில் அதை வெளியே எடுப்பாரா? யடபேயில் மழையிலும் இருளிலும் 78 மணி நேரம் ஓடிய வண்டியின் உடன்பிறப்புகள், பூட்டிய அறைகளில் ஈரப்பதம் அளந்து பாதுகாக்கப்படுகின்றன. காட்டுவதற்காகப் பிறந்ததற்கு இது பொருத்தமான முடிவு என்று சொல்லிவிடலாம்தான், மனம் ஒப்பவில்லை.

நிறுவனத்துக்கும் ஒப்பவில்லை போலும். 2020-ல் டொயோட்டா, 2000 ஜிடியின் கியர்பெட்டிப் பகுதிகளை அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வார்த்து விற்கத் தொடங்கியது. அவ்வண்டியை வைத்திருப்பவருக்கு மட்டுமே விற்பனை. ஓடினால்தான் கியர் தேயும். தேய்ந்தால்தான் புதிது வேண்டும். ஆகவே சிலரேனும் இன்னும் ஓட்டுகிறார்கள். அந்த உதிரிபாகப் பட்டியலில் சூப்ராவும் உண்டு. 2021-ல் அதில் இன்னொரு பெயர் சேர்ந்தது: ஏஇ86. பின்சக்கர பிரேக்கின் பாகங்களும் ஸ்டியரிங்கோடு இணையும் கரங்களும் அவ்வண்டிக்காக மீண்டும் செய்யப்படுகின்றன.